எலுமிச்சை வைத்த இடம்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து வந்து கூடத்துத் தரையை நீளவாக்கில் தடவும்போது மட்டும்தான் அது கண்ணில் படும். வாசல் நிலைக்கு உள்பக்கம், இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு வட்டங்கள். பழைய ஒற்றை ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. சுற்றிலும் வெண்ணெய் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருக்கிற கல், அந்த இரண்டு இடத்தில் மட்டும் அவிந்துபோய்க் கிடக்கும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்திலும் தெரியாது. விரலுக்குத் தெரியும். வழவழப்பில் ஓடிவந்த விரல் திடீரென்று வெள்ளையடித்த சுவரில் ஏறிவிட்டது போல ஒரு சொரசொரப்பு. மூன்று வருடமாகத் தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கையில் கண் தானாக அங்கே போய்விடுகிறது. வலது பக்கத்து வட்டத்தின் மேல் இப்போது ஒரு மணிபிளான்ட் தொட்டியை வைத்து மறைத்திருக்கிறார்கள். இடது பக்கத்தது திறந்துதான் கிடக்கிறது. அதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். செய்தது நான்தான்.

நாகமலை புதுக்கோட்டையில் அந்த வீடு எழும்பியபோது தரைக்கு என்ன போடுவது என்பதுதான் கடைசிச் சண்டை. அம்மாவுக்கு மொசைக் போதும். தம்பி மனைவிக்கு டைல்ஸ். தம்பி வளைகுடாவில் பதினாறு வருடம் இருந்தவன். அங்கே ஏதோ ஒரு ஹோட்டல் முகப்பில் பார்த்த கல்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். டிராவர்டைன் என்று அவன் சொன்னது மேஸ்திரி வாயில் ‘டிராவல்டின்’ ஆகி, அம்மாவிடம் வந்து சேரும்போது ‘டிராவல்ஸ் கல்லு’ ஆகிவிட்டது. பைபாஸ் ஓரத்துக் கிடங்கு ஒன்றில் போய்ப் பார்த்தோம். இரும்புச் சட்டத்தில் பலகை பலகையாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். மெருகு போடாத பலகை ஒன்றின் துளைக்குள் அம்மா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். முதல் கணு வரை போனது. “பூச்சி அரிச்ச கல்லை எதுக்குடா காசு குடுத்து வாங்குற?” என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு அதெல்லாம் பூச்சி இல்லை, கல் உண்டானபோதே விழுந்த துளை என்றார். படிவுக்குக் குறுக்கே அறுத்தால் கோடு கோடாக வரும், படிவோடு அறுத்தால் மேகம் மாதிரி வரும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். துளையை அப்படியே விட்டால் கூட்டுகிற தூசியெல்லாம் அதற்குள் போய் உட்காரும். அதனால் சிமெண்ட்டோ ரெசினோ போட்டு அடைத்துத்தான் தரைக்கு வரும். மெருகில் இரண்டு வகை. ஒன்று மங்கலாக, பட்டுத்துணி மாதிரி. இன்னொன்று முகம் தெரிகிற பளபளப்பு. மங்கல் மெருகில் கீறலும் அரிப்பும் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் தரை என்றால் முகம் தெரியவேண்டும். தம்பி பளபளப்பைத்தான் எடுத்தான். கடைசியாகக் கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மாதிரிக் கல்லில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் இறங்காமல் முத்து முத்தாக நின்றது. சீலர் அடித்த கல், ஒன்றும் ஆகாது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, தண்ணீரில் ஒன்றும் ஆகத்தான் இல்லை. கல் கடையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறவர் யார்? இப்போது யாராவது என்னிடம் கேட்டால், கடையில் ஒரு உடைசலை வாங்கி வந்து ஒரு மூலையில் புளிக்கரைசல், ஒரு மூலையில் மஞ்சள், இன்னொன்றில் நல்லெண்ணெய், நடுவில் எலுமிச்சை மூடி என்று ஒரு ராத்திரி வைத்துப் பார் என்றுதான் சொல்வேன். மஞ்சளும் எண்ணெயும் கல்லுக்குள் இறங்காமல் சீலர் ஓரளவு தடுக்கும். புளிப்பு இறங்குவதில்லையே, அது நின்ற இடத்திலேயே கல்லின் முகத்தைத் தின்கிறது. கறை என்றால் துடைக்கலாம். இது கறை இல்லை, கல்லிலேயே கொஞ்சம் இல்லாமல் போன இடம்.

அந்தக் கல் என்னவென்று எனக்குப் புரியவைத்தது அம்மாவின் வெந்நீர்த் தவலை. முப்பது வருடமாகப் போர் தண்ணீரில் காய்ந்த செம்புத் தவலை அது. பழைய வீட்டைக் காலி பண்ணும்போது யாரோ கீழே நழுவவிட, அடியில் கட்டியிருந்த உப்பு உள்ளங்கை அகலத்துக்கு ஓடாகப் பெயர்ந்து வந்தது. தூக்கி எறியப் போனவள் அதன் விளிம்பைப் பார்த்து நின்றுவிட்டேன். வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை என்று நூல் நூலாக அடுக்கு. நடுநடுவே குண்டூசி முனை அளவில் துளைகள். கடையில் குறுக்கே அறுத்த பலகையில் பார்த்த அதே கோடுகள்தான், சின்ன அளவில். உப்பு உப்பு என்று நாம் சொல்கிறோமே ஒழிய அதில் பெரும்பங்கு சுண்ணாம்பு. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான புளிப்போடு பூமிக்குள் இறங்குகிறது. பாறையில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஊற்றாக வெளியே வந்ததும், அல்லது தவலையில் சூடேறியதும், வாயு பறந்துவிடுகிறது. பிடித்துவைத்திருந்தது போய்விட்டதால் சுண்ணாம்பு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. ரோமுக்குக் கிழக்கே திவோலியின் ஊற்றுகள் பல்லாயிரம் வருடம் இதைத்தான் செய்தன. அந்த ஊரின் பழைய லத்தீன் பெயரிலிருந்துதான் கல்லுக்குப் பெயர் வந்தது, கி.பி. 80இல் திறந்த கொலோசியத்தின் தூண்களும் வெளிச்சுவரும் அந்தக் கல். துருக்கியில் பமுக்கலே மலைச்சரிவில் வெந்நீர் ஊற்றுகள் இன்றைக்கும் படி படியாக வெள்ளையாகக் கட்டிக்கொண்டே போகின்றன. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அதன் மேல் நடக்கவேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கவேண்டும். அதைக் கேட்டதும் அம்மா, “அப்பக் கோயிலுன்னு சொல்லு” என்றாள்.

இந்தத் தண்ணீர் மதுரைக்கும் புதிதில்லை. சுற்றிலும் உள்ள காடுகளில் கிணறு வெட்டினால் பல இடங்களில் சில அடியிலேயே சுக்கான் தட்டுப்படும். மழை இறங்குவதும் வெயில் உறிஞ்சுவதுமாக மண்ணுக்குள்ளேயே முடிச்சு முடிச்சாக இறுகிப்போன சுண்ணாம்பு அது. பலகையாக அறுக்க வராது, மெருகும் ஏறாது. சுக்கான் பூமி என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். குழாயில் வெள்ளை பூத்தால் ஆசிட் வாங்கித் தேய்க்கிறோம், சோலார் ஹீட்டரின் குழாய் அடைத்துக்கொண்டால் ஆளைக் கூப்பிட்டுத் திட்டுகிறோம், ஸ்டீல் டம்ளரில் வட்டம் விழுந்தால் விருந்தாளிக்குக் கொடுக்கக் கூசுகிறோம். அதே தண்ணீர் வேறொரு தேசத்தில் செய்த அதே காரியத்தைச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் பதித்திருக்கிறோம். இது எனக்கு வேடிக்கையாகத்தான் முதலில் பட்டது. பிறகு வேடிக்கை போய்விட்டது. குழாயின் வெள்ளையைக் கரைக்கிற ஆசிட் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் தரையையும் கரைக்கும். அதற்கு இரண்டும் ஒன்றுதான். நல்லது எது கெட்டது எது என்று பிரித்துவைத்திருப்பது நாம்தானே.

எனக்கென்னவோ, நம் வாயில் புழங்குகிற ‘கல்’ என்ற சொல்லே வேறொரு கல்லுக்காக உண்டானது என்று தோன்றுகிறது. கல் நெஞ்சு, கல்லாய்ச் சமைந்தாள், கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லும்போதெல்லாம் மனசில் இருப்பது ஆனைமலையும் நாகமலையும் திருப்பரங்குன்றமும்தான். எதையும் காதில் போட்டுக்கொள்ளாத கல். மீனாட்சியம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத்துக் காளி மேல் தலைமுறை தலைமுறையாக வெண்ணெய் உருண்டையை வீசியிருக்கிறார்கள். கல் ஒன்றும் சொல்லவில்லை. துர்க்கைக்கு எலுமிச்சை மூடியைப் புரட்டி விளக்குப் போடுகிறோம், சாறு வழிந்து பீடத்தில் காய்கிறது. மூலவருக்குத் தயிரும் எலுமிச்சைச் சாறும் பஞ்சாமிர்தமும் ஊற்றிக் கழுவுகிறோம். அந்தக் கல்லில் இருக்கிற படிகமும் ஃபெல்ஸ்பாரும் புளிப்பை ஏறிட்டும் பார்க்காது. சமணர்மலைத் தொடரின் மேற்குக் கோடியில், முத்துப்பட்டிப் பக்கத்துக் குகையில், துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். தலைப்பக்கம் தலையணை மாதிரி ஒரு விரற்கடை உயர்த்தியிருக்கிறது. ஈராயிரம் வருடப் படுக்கையில் கை வைத்தால் இன்றும் உள்ளங்கை வழுக்குகிறது. பொதுவாக இந்தக் குகைகளில் படுக்கையைவிட என்னைக் கவர்வது மேலே பாறையின் நெற்றியில் புருவம் மாதிரி வெட்டியிருக்கிற காடிதான். மழைத்தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் அந்த வெட்டில் தட்டுப்பட்டுச் சொட்டிவிடும். படுக்கையை வெட்டியவன் அதோடு போய்விடவில்லை. தண்ணீருக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கல்லைப் பேணுவது என்றால் நம் ஆட்களுக்கு வேறு அர்த்தமும் இருந்தது. அம்மி வழவழப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள். “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ” என்று தெருவில் குரல் வரும். உளியோடு வருகிற பெண் திண்ணையோரம் உட்கார்ந்து, வழுக்கிப்போன கல்லைப் புள்ளி புள்ளியாகக் கொத்திப் பழையபடி முரடாக்கிவிட்டுப் போவாள். கொத்திய அம்மியில் முதல் இரண்டு நாள் அரைக்கிற துவையலில் மண் நறநறக்கும். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, ரசம் பட்டால் முகம் வாடுகிற கல் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

கல்லை இறக்குமதி செய்வது பற்றித் தம்பியிடம் ஒருமுறை குத்தலாகக் கேட்டேன். “நம்ம ஊர் மலையை அறுக்கலையில்லக்கா” என்றான். பதில் சொல்ல வரவில்லை. மேலூர்ப் பக்கத்து மலைகளை அறுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே எடுத்த வெளிர்க்கல் உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று போனது. காஷ்மீருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. 2012இல் கிரானைட் முறைகேடு வெளியே வந்தது. 2014இல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை விசாரிக்க நியமித்தது. மறு வருடம் சின்னமலம்பட்டியில் நரபலிப் புகாருக்காகத் தோண்டியபோது தடயம் போய்விடக்கூடாதென்று அவர் ராத்திரி சுடுகாட்டிலேயே படுத்துக்கிடந்தார். அரிட்டாபட்டிக்காரர்கள் 2022இல் தங்கள் மலையைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவைத்து, இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்து, ஊர் ஊராகக் கிளம்பி மதுரை வரை நடந்து, 2025 ஜனவரியில் அது ரத்தானதைப் பார்த்தோம். அப்படியிருக்க, எங்கோ இருக்கிற மலையை அறுத்தால் நமக்கென்ன என்ற எண்ணம் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது. அந்த மலையடிவாரத்திலும் ஒரு அக்காவும் தம்பியும் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஆறுதல் கழன்றுவிடுகிறது. நான் ரொம்ப நேரம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கிரகப்பிரவேசம் தை மாதத்தில். நாத்தனார் என்பதால் ஆரத்தி என் கையில். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த தண்ணீரை வாசலுக்கு வெளியே, சிமெண்ட் தளத்தில்தான் கொட்டினேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, சொந்தக்காரக் கண் ஒன்றா இரண்டா என்று பெரியம்மா சொன்னதால், ஒரு எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி, லேசாக ஒரு அமுக்கு அமுக்கி, நிலைக்கு இரண்டு பக்கமும் கவிழ்த்து வைத்தேன். அமுக்கியபோது சாறு விரலிடுக்கில் வழிந்ததும், கல்லில் வைத்தபோது மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டதும் நினைவிருக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்து ரொம்ப நேரம் கழித்துக் காதருகே வைத்தால் கேட்குமே, அதைவிடச் சின்னச் சத்தம். கேட்டதாக இப்போது நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. சுண்ணாம்பில் புளிப்புப் பட்டால் கரியமில வாயு வெளியேறும் என்று தெரிந்த பிறகு, அந்தச் சத்தத்தை நானே சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஊற்றாக வெளியே வந்த காலத்தில் தண்ணீரை விட்டுப் பறந்த அதே வாயு, மிச்சம் மீதி, எங்கள் வீட்டு வாசலில் வெளியேறியிருக்கிறது. ராத்திரி முழுக்க அந்த மூடிகள் அங்கேயே இருந்தன.

பத்து நாள் கழித்துத் தம்பி மனைவி போன் பண்ணினாள். வேலைக்கு வருகிறவள் ஆசிட்டைச் சிந்திவிட்டாளாம், வாசலில் இரண்டு இடத்தில் கல் செத்துவிட்டதாம். பின்பக்கக் குளியலறைக் குழாயின் வெள்ளையை எடுக்க, டிவிஎஸ் ஃபிஃப்டியில் பினாயிலும் ஆசிட்டும் விற்றுக்கொண்டு வருகிறவரிடம் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தது உண்மை. அந்தப் பாட்டிலைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். வீட்டில் அதுவே போதுமான சாட்சி. “இல்லைக்கா, நான் வாசப்பக்கம் ஆசிட்ட எடுத்துட்டே வரலை” என்று அவள் சொன்னாளாம். “அப்ப யாரு, பேயா?” என்று இவள் கேட்டாளாம். நான் போனில் உம் கொட்டினேன். இடம் எது என்று கேட்டேன். நிலைக்கு இரண்டு பக்கமும் என்றாள். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருஷ்டி கழிக்க வைத்தது வீட்டையே பொட்டையாக்கிவிட்டது என்ற பேச்சு நாத்தனார் தலையில் விழுந்தால் அது என்றைக்கும் இறங்காது; எந்தச் சண்டையிலும் முதலில் வந்து நிற்கும். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. வேலைக்காரியின் கைப்பிழை என்றால் அந்த விஷயம் அங்கேயே முடிந்துவிடும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அவள் சம்பளத்தில் பிடிக்கவில்லை, அவளை நிறுத்தவும் இல்லை. அதனால் பெரிய அநியாயம் நடந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாகவும் போயிற்று.

அதற்குப் பிறகு தரைக்குச் சட்டதிட்டம் வந்தது. ஆசிட் கூடாது, பினாயில் கூடாது, வினிகர் கூடாது, எலுமிச்சை வாசனை போட்ட எந்தச் சோப்புத் தண்ணீரும் கூடாது. முதலில் மெத்தென்ற துடைப்பத்தால் மணலைக் கூட்டி எடுத்துவிட்டுத்தான் ஈரத்துணி போடவேண்டும். தெருவிலிருந்து வருகிற மணல் கல்லைவிடக் கெட்டி, அதன் மேல் துணியைப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. துடைப்பது நல்ல தண்ணீரில் இருக்கவேண்டும், போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் அதுவே வெள்ளைப் படலம் கட்டும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் துளையை அடைத்த பூச்சு துணுக்குத் துணுக்காகப் பெயரும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து, கல் அதைக் குடித்துக் கறுத்தால் மறுபடி சீலர். எல்லாம் சரியான சட்டங்கள்தான், ஒன்றையும் தப்பென்று சொல்லமாட்டேன். சட்டம் போட்டது தம்பி, நிறைவேற்றுவது வேலைக்கு வருகிற அந்த அக்கா. ஒருநாள் குனிந்து துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், “சாமிக்கே எலுமிச்சம்பழச் சாறு ஊத்துறாக. இந்தக் கல்லுக்கு ஆகாதாம்ல.” சிரிக்கவில்லை அவள். நானும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சூடானது.

அம்மா விஷயம் வேறு. அவளுக்கு டேபிளில் உட்கார்ந்தால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. தரையில் கால் மடக்கி, தட்டை மடிக்கு நேராக வைத்து, ரசத்துக்கு வரும்போது தட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு சாப்பிடுகிறவள். புது வீட்டில் முதல் மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாய் வந்தது. பிறகு பாய்க்கு மேல் ஒரு செய்தித்தாள். பிறகு ஒருநாள் போனபோது, பின்வாசல் சிமெண்ட் படிக்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “இங்கதான் காத்து வருது” என்றாள். யாரும் அவளை எழுப்பி அங்கே அனுப்பவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. தரைதான், தன் போக்கில், அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் இலை போட்டு நூறு பேர் சாப்பிடுவார்கள். கண்ணாடி மேல் வார்த்து எடுத்த சிமெண்ட்தான் அது, மிதிக்க மிதிக்க மெருகேறும் என்பார்கள். புளிப்பு சிமெண்ட்டையும் தின்னும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பூவும் கொடியுமாக நிறம் நிறமாகக் கிடக்கும். ஒரு வட்டம் விழுந்தால் யார் கண்டது?

நாயக்கர் மகாலின் தூண்களைச் சின்ன வயசில் கல் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போன அன்றைக்கு, கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூணில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றதும், அந்தக் குளிர்ச்சியும் நினைவிருக்கிறது. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு என்பார்கள். சுடும்போது பறந்த கரியமில வாயுவைப் பூச்சு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடுகிறது. ஆக அதுவும் தம்பி வீட்டுத் தரையும் வஸ்துவில் ஒன்றே. அந்தத் தூண்களில் கைக்கெட்டும் உயரம் வரை பெயர்கள். அம்பு துளைத்த இதயங்கள், ஊர்ப்பெயர்கள். அதைப் பார்த்து எரிச்சல்படுகிறவள் நான். கோயில் படிக்கட்டில் நடுப்பகுதி மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் நெகிழ்ந்துபோகிறவளும் நானே. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதைச் சந்தோஷமாகச் சொல்கிறோம், தேய்வது யார் வீட்டுக் கல் என்று கேட்பதில்லை. தேய்மானம் அழகு, கறையும் ஒரு நினைவு, அப்படியே இருக்கட்டும் என்று தம்பியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே குரல் எனக்குப் பொய்யாகப் பட்டது. தரையைத் துடைக்காதவள் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய வார்த்தை அது. அதோடு, அந்த இரண்டு வட்டமும் நினைவுதான் என்றால் யாருடைய நினைவு? இரண்டுக்கும் பெயர் எழுதியாகிவிட்டதே, தப்பான பெயராக.

மெருகு போடுகிற ராஜஸ்தான் பையன்கள் வந்து பார்த்தார்கள். டயமண்ட் பேட் போட்டுப் படிப்படியாக இழைத்துக் கடைசியில் பவுடர் போட்டு ஏற்றினால் போய்விடும், ஆனால் அந்த இடத்தை மட்டும் செய்தால் வெயிலில் திட்டுத் தெரியும், கூடம் முழுக்கச் செய்தால் நல்லது என்றார்கள். கூடம் முழுக்க என்றதும் தம்பி பின்வாங்கிவிட்டான். தொட்டி வந்தது அப்போதுதான்.

போன ஆடி வெள்ளிக்கிழமை போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துகொண்டிருந்தபோது அந்த அக்காவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சேர்ந்து நடந்தோம். சொல்லிவிட அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. “அந்த வாசல் கறை இருக்குல்ல, அது உன் ஆசிட்டு இல்ல” என்று ஆரம்பித்தேன். அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “தெரியும்க்கா. ரெண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி ஆசிட்டு சிந்துமா? மறுநாக் காலைல அந்த மூடிய எடுத்து முச்சந்தில போட்டதே நான்தான. எடுக்கைலயே கல்லு வெளுத்துப் போயிதான் இருந்துச்சு.” பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். “சாமி காரியத்துல வச்சத நான் சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். பிறகு, ஆடிக்கு மகள் வீட்டுக்குப் போகவேண்டும், இரண்டு நாள் லீவு வேண்டும், நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் என்றாள்.

வீட்டில் தம்பி மனைவி எனக்காகக் காத்திருந்தாள். எலுமிச்சையை அறுத்து, குங்குமக் கிண்ணத்தோடு என் கையில் கொடுத்தாள். எப்போதும் நீங்கதானே அண்ணி வைப்பீங்க. இந்தத் தடவை இரண்டு சின்ன ஸ்டீல் தட்டும் வந்தது. இடது பக்கம் வட்டத்தின் மேலேயே தட்டை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. வலது பக்கம் தொட்டி. அதைக் கொஞ்சம் நகர்த்தவேண்டியிருந்தது. அக்காவைக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் நானே இழுத்தேன். அடியில் தொட்டித் தண்ணீர் கசிந்து, பழைய வட்டத்தைச் சுற்றிப் புதிதாக, வெள்ளையாக, ஒரு பெரிய வளையம் கட்டியிருந்தது.